ஏறி உட்கார்ந்தால் வரும் சத்தம்

டக்.

அவ்வளவுதான் சத்தம். வலது காலை அழுத்தினால் டக். இடது காலுக்கு ஒன்றுமில்லை. மறுபடி வலது, மறுபடி டக். வேலைக்குப் போகிற வழி நெடுக யாரோ பின்னாலேயே வந்து, "ச்சு, ச்சு" என்று இவரைப் பார்த்துப் பரிதாபப்படுகிற மாதிரி இருந்தது.

மற்றவர்கள் என்றால் காதில் போட்டுக்கொள்ளாமல் ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள். இவரால் முடியாது. தன் சைக்கிளைத் தானே பார்த்துக்கொள்கிற ஆள். மாடியில் அவர் இருக்கிற ஒற்றை அறையில் கட்டிலுக்கு அடியில் செருப்பு இருக்காது, ஸ்பேனர் இருக்கும். அலமாரியில் சட்டைக்குப் பக்கத்தில் ரப்பர் சொல்யூஷன், எண்ணெய் டப்பா, செயின் தேய்க்கப் பழைய டூத் பிரஷ். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார். கிழிந்துபோன ஆஸ்பத்திரி விரிப்பு ஒன்றைத் தரையில் போட்டு, அதன்மேல் தலைகீழாக நிறுத்துவார். பஞ்சர் என்றால் குளிக்கிற வாளியில் ட்யூபை அமுக்கிக் குமிழி வரும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். பிரேக் கம்பியை இறுக்குகிற வேலைக்கு மூன்று கை வேண்டும். ஒருவர் பிரேக்கை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் நட்டைத் திருக வேண்டும். இவரிடம் ஆள் இல்லை. ஒரு கிழிசல் துணியால் பிரேக்கைக் கட்டிப்போட்டுவிட்டுத் தானே திருகிக்கொள்வார். அந்தத் துணிதான் வீட்டில் இரண்டாவது ஆள்.

ஆனால் இந்த டக் அவரைப் படுத்தி எடுத்துவிட்டது. தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றினால் சத்தமே இல்லை. சாது மாதிரி சுற்றியது. பெடலைக் கழற்றி எண்ணெய் விட்டார். பெடல் மாட்டுகிற கிராங்கை இறுக்கினார். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். ஒவ்வொரு தடவையும் கீழே இறக்கி, ஏறி உட்கார்ந்து, வலது காலை அழுத்தினால், டக்.

அவருடைய பாரம் ஏறினால்தான் வருகிற சத்தம் அது. அவர் ஏறிவிட்டால் குனிந்து கேட்க முடியாது. சைக்கிளில் எங்கே தட்டினாலும் காலுக்கு அடியில் தட்டுகிற மாதிரியேதான் இருக்கும், இரும்பு அப்படி. ஆக இவர் ஓட்ட வேண்டும், பக்கத்தில் ஒருவர் கூடவே நடந்துவந்து எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவு சின்ன உதவி. பத்தடி தூரம்.

அதைக் கேட்க அவருக்கு ஒரு ஆள் வேண்டும். அங்கேதான் வந்து நின்றது கதை.

தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடம் போனார். கடைக்காரர் தட்டைக்குச்சி மாதிரி இருப்பார். அவரே ஏறி ஒரு வட்டம் அடித்தார். அந்தப் பாரத்துக்குச் சத்தம் வரவில்லை.

"சைக்கிள் கல்லு மாதிரி இருக்கு சார். சத்தம் உங்க காதுலதான் வருதோ என்னவோ!"

'நான் ஓட்டுறேன், கூட நடந்து வந்து பாருங்க' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். இவர் "ம்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

கீழ்வீட்டில் ஒரு தையல்காரம்மா. படியிலேயே நின்று வாக்கியத்தை மனசுக்குள் நாலு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் தட்டினார்.

"என்ன சார் வேணும்?"

"ஊசி... ஒரு ஊசி இருக்குமா?"

"நேத்துதானே ஒண்ணு வாங்கிட்டுப் போனீங்க! அப்படி என்ன சார் தைக்கிறீங்க, வானமா பொத்துகிச்சு?"

ஊசியோடு மேலே வந்தார்.

அவர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவருக்கு உம்கொட்டி என்று பெயர். கதை கேட்கிறவர் உம் கொட்டவேண்டும் என்பார்கள் இல்லையா, இவர் வாழ்க்கை மொத்தத்தையும் உம் கொட்டியே ஓட்டிவிட்டார். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால்கூட "ம்". அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கதை சொல்கிறவர் ஒருவர் இருந்தார். ரேடியோ அண்ணன். பெரிய படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று மூலைகளைப் பிடித்து, ஒரு சொடுக்கு சொடுக்கி, நடந்து வந்து கையோடு கை சேர்த்து மடிக்க வேண்டும். மடிக்க மடிக்க ரேடியோ அண்ணன் பேசிக்கொண்டே இருப்பார். மாமனார் வீட்டுச் சண்டை, பக்கத்து வீட்டு நாய், எதுவானாலும். துவைக்கிற மிஷின்கள் காதைப் பிளக்க, அதற்கு மேலே அவர் குரல். இவர் "ம்". சாயங்காலம் அதே அண்ணன் இவர் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்து, பஸ் நிற்கிற இடம்வரை மிச்சக் கதையைச் சொல்லிக்கொண்டு வருவார். நடுவில், "டேய், மட்கார்டு ஆடுதுடா, பாரு" என்பார். அன்றைக்கே இவர் சரிபண்ணிவிடுவார்.

பிறகு ரேடியோ அண்ணன் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு மடிக்கிற மிஷின் வந்தது. மிஷின் மடித்துத் தள்ளும், இவர் எடுத்து அடுக்குவார். மிஷின் கதை சொல்லவில்லை. அதற்கு உம் கொட்டவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரே ஒரு தடவை இவர் அண்ணனுக்குப் போன் பண்ணினார். ஒரு மணி நேரம் போனைக் கையில் வைத்திருந்துவிட்டுத்தான்.

"ஹலோ! யாரு?"

"நான்தாண்ணே."

"ஹலோ! யாருய்யா? பேசித் தொலைங்கய்யா!"

"நான்தான்..."

"வேற வேலை இல்ல உங்களுக்கு!" பட்டென்று வைத்துவிட்டார்.

அதோடு சரி. தன் குரலே மறந்துபோச்சு போலிருக்கிறது, இத்தனை வருஷம் முகத்துக்கு முகம் நின்றவனை இப்படி வெட்டிவிட்டாரே என்று மனசு கசந்து, அப்புறம் இவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

இந்த டக் மட்டும் இல்லாவிட்டால் திரும்பியிருக்கவும் மாட்டார். சைக்கிளின் பின்பக்கம் தெரிந்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான், என்ன செய்வது! அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நகரத்தின் அந்தக் கோடிக்கு. டக், டக், டக். பாதி வழியில் இரண்டு தடவை வண்டியைத் திருப்பி, இரண்டு தடவையும் மறுபடி திருப்பினார்.

கதவைத் திறந்தது அண்ணி.

"அட, யாரு இது! வாங்க தம்பி! இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"ம்... அண்ணன்..."

"உள்ளதான் இருக்காரு. சத்தமாப் பேசுங்க. அவருக்குக் காது சுத்தமாப் போச்சு தம்பி. அந்தத் துவைக்கிற மிஷின் சத்தம் பண்ண வேலை. போன் வந்தா எடுப்பாரு, ரெண்டு ஹலோ, ஒரு வசவு, வச்சிடுவாரு. இப்ப யாருமே பண்றதில்ல."

இவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். இத்தனை நாளும் நெஞ்சில் சுமந்தது எல்லாம் ஒன்றுமே இல்லாத ஒன்று. அங்கே ஒரு மனிதர் காது கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார், இங்கே ஒரு மனிதர் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரும் இருந்தது ஒரே ஊர்!

ரேடியோ அண்ணன் இளைத்திருந்தார். இவரைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"டேய் உம்கொட்டி! உயிரோட இருக்கியா? ஒரு போன் பண்ணணும்னு தோணலையாடா உனக்கு?"

"பண்ணேண்ணே."

"என்ன?"

"பண்ணேண்ணே..."

"கேக்கலடா! வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? கத்து!"

இவருக்குக் கத்தத் தெரியாது. பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் காட்டினார். வாசலைக் காட்டினார். வெளியே வந்து சைக்கிளில் ஏறிக்கொண்டு, காதைத் தொட்டு, கீழே காட்டினார்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "சத்தம் வருதா? அதை நான் கேட்டுச் சொல்லணுமா? செவிடன் காதுல சங்கு ஊதுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன், சைக்கிளையே ஊத வந்திருக்கான் பாரு!"

இவர் முகம் தொங்கிப்போனது. இருந்த ஒரே ஆளும் போச்சு. அதைப் பார்த்துவிட்டு அண்ணன் சிரிப்பை நிறுத்தினார்.

"சரி சரி, மூஞ்சியத் தூக்காத. ஓட்டு. மெதுவா ஓட்டு."

இவர் ஓட்டினார். அண்ணன் பக்கத்திலேயே நடந்தார், ஒரு கையைச் சைக்கிள்மேல் வைத்துக்கொண்டு. முதலில் சீட்டுக்கு அடியில். "இங்க இல்ல." பின் சக்கரத்துக்கு மேலே. "இங்கயும் இல்ல." விரிப்பின் அந்த மூலையில் ஈரம் இருக்கிறதா, பிடி நழுவுகிறதா என்று இந்த மூலை இழுப்பிலேயே சொல்லிவிடுகிற கை அது. அந்தக் கைக்குக் காது எதற்கு? கேரியர் கம்பியைத் தொட்டதும் நின்றுவிட்டார்.

"நில்லு! இங்கதான்டா அடிக்குது. விரல்லயே அடிக்குது!"

இரண்டு பேரும் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பின் சக்கர நட்டைக் கழற்றி வாஷரை எடுத்தால், கேரியரின் வலது கால் அதற்கு அடியில் மயிரிழை போல் விரிசல் விட்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஜென்மத்துக்கும் தெரியாது.

"அவ்வளவுதான் சங்கதி," என்றார் அண்ணன். "கேரியரைக் கழட்டிக் கடாசு. அதுல இனி யாரு உக்காரப் போறா?"

சரியான யோசனைதான். இரண்டு நட்டு, ஐந்து நிமிஷம், சத்தம் அடியோடு போய்விடும். இவர் ஸ்பேனரை நட்டில் மாட்டினார். திருகவில்லை.

"நீங்க உக்காரணும்ணே."

"என்ன?"

"நீங்க உக்காரணும்!"

"காதுல விழலடா!"

அப்போதுதான் அது நடந்தது. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, தொண்டை நரம்பு புடைக்க, உம்கொட்டி கத்தினார். "நீங்க உக்காரணும்ணே! என்கிட்ட யாரும் பேசுறதில்லண்ணே! எனக்கு யாருமே இல்லண்ணே!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அண்ணி வாசலுக்கு ஓடிவந்தார். ரேடியோ அண்ணன் குனிந்து, நட்டில் தொங்கிய ஸ்பேனரைக் கழற்றி எடுத்து இவர் பையில் போட்டார்.

"இதுதான் எனக்குக் கேட்டுச்சு," என்றார். "உள்ள கட்டுக்கம்பி இருக்கு, கொண்டாறேன். இப்போதைக்கு இறுக்கிக் கட்டு. பட்டறையில வெல்டிங் வச்சு எடுத்துட்டு வா. காத்தாட ஒரு ரவுண்டு போவோம். நான் பேசுறேன், நீ..." கொஞ்சம் யோசித்தார். "நீ உம் கொட்டினா எனக்குக் கேக்காதேடா. முதுகுல தட்டித்தான் சொல்லணும், ஆனா முன்னால உக்காந்திருக்கிற நீ எப்படித் தட்டுவ? கத்தித்தான் ஆகணும் நீ."

திரும்பி வருகிற வழியில் சத்தமே இல்லை. கட்டுக்கம்பி பிடித்துக்கொண்டது. வலது கால், இடது கால், வலது கால். காலியான கேரியர். தெருக்கள் இவ்வளவு நீளமா என்று இருந்தது. கூடவே வந்துகொண்டிருந்த அந்த 'ச்சு, ச்சு'வும் இப்போது இல்லை.

அறைக்கு வந்து விளக்கைப் போட்டார். ஸ்பேனரைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். தண்ணீர் குடித்தபோதுதான் தெரிந்தது, தொண்டை வலித்தது. ரொம்ப நாள் படுத்துக் கிடந்தவன் முதல் நாள் நடந்த மாதிரி ஒரு வலி. கட்டில்மேல் உட்கார்ந்து, சுவரைப் பார்த்து, உரக்கப் பேசிப் பழகலாம் என்று சொல்லிப் பார்த்தார்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?"

போதாது. அவருக்கு இது கேட்காது. இன்னும் சத்தமாக, "அண்ணே! சாப்பிட்டீங்களா?"

கீழே தையல் மிஷின் நின்றது. படி அடியிலிருந்து அந்தம்மாவின் குரல் வந்தது. "சார்! யாரு சார் வந்திருக்காங்க? புதுசாப் பேச்சுச் சத்தம் கேக்குதே!"

இவர் எழுந்து கதவருகே போனார். 'ம்' என்று சொல்ல வாய் எடுத்து, விட்டுவிட்டார்.

"யாரும் வரலம்மா," என்று கீழே பார்த்துக் கத்தினார். "நான்தான்!"