ட்யூப்லைட்டில் தொலைந்த எகிப்து ராஜா

2015 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. காலை 8.10க்குக் கோயம்பேட்டில் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். சுங்குவார்சத்திரத்துக்கு டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். எகிப்து போய்வந்தவன் என்று ஒரு கல்யாணப் பந்தியில் வாயை விட்டதற்குக் கிடைத்த தண்டனை இந்தப் பயணம். பக்கத்து இலையில் இருந்த ஏழுமலை, ஒரகடத்தில் தன் நிலத்தில் லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தவர். லக்சர் கோயிலின் வெளிச்சுவரில் நான் எடுத்த ராஜா படத்தை வாங்கிப்போய், லாட்ஜின் வரவேற்பறைக்கென்று அதே போலக் கல்லில் செதுக்கக் கொடுத்துவிட்டார். இப்போது கல் சரியா என்று நான் சொல்ல வேண்டுமாம்.

9.35. சத்திரத்தில் டீ எட்டு ரூபாய். கல் பட்டறைக்கு வாலாஜாபாத் சாலையில் மூன்று கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் பத்து ரூபாய். "எந்த கம்பெனி தொறந்தாலும் தொறப்புவிழா கல்லு இந்தப் பட்டறைலதான் சார் வெட்டுவாங்கோ" என்றார் ஆட்டோக்காரர்.

தகரக் கொட்டகையின் நடுவே, இருபுறமும் ட்யூப்லைட் கட்டிய மேசையில் ராஜா மல்லாந்து கிடந்தார். பக்கவாட்டு முகம், உயரமான கிரீடம். செதுக்கிய செல்வி கோவில்பட்டிக்காரர். ஆறு வருடம் செல்போன் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவர். கம்பெனி மூடியதும் இங்கே எழுத்து வெட்டப் பழகினார். உருவம் வெட்டியது இதுதான் முதல் தடவை.

"இன்னா சார் இது, மூஞ்சியே தெர்ல. மூஞ்சி சைடுல கீது, கண்ணு மட்டும் நேரா பாக்குது. நான் பிளாஸ்டிக்ல வாங்கி மாட்டிக்கிறேன்" என்றார் எனக்கு முன்பே வந்திருந்த ஏழுமலை.

"கண்ண அங்க அப்படித்தான் வெட்டுவாங்க" என்றேன். ஆனால் முகம் உண்மையாகவே தெரியவில்லை.

செல்வி என் பக்கம் திரும்பினார். "அளவு எல்லாம் போட்டோபடிதான் சார் இருக்கு. இத வேண்டாம்னுட்டா முதலாளி இனி எனக்கு உருவம் தர மாட்டாரு. பழையபடி எழுத்துதான்." எனக்குச் சங்கடமாகிவிட்டது.

போட்டோவை வாங்கி மறுபடி பார்த்தேன். மூக்கு, உதடு, தாடி எல்லாவற்றின் ஓரத்திலும் கறுப்பாக ஒரு கோடு. நிழல்! லக்சர் வழிகாட்டி சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது: இருட்டறைச் சுவர்களில் ராஜாவை மேலெழும்பச் செதுக்குவார்கள், வெளிச்சுவர்களில் கல்லுக்குள் குழித்து வெட்டுவார்கள், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். இங்கேயோ இரண்டு பக்க விளக்கும் சேர்ந்து நிழலைத் துடைத்துவிட்டிருந்தன.

10.20. நான்கு பேர் கல்லைத் தூக்கிவந்து வாசலில் நிறுத்தினார்கள். மேலிருந்து வெயில் சரிந்து விழுந்தது. முதலில் புருவம், அப்புறம் மூக்கு, உதட்டோரத்தில் லேசான சிரிப்பு.

"அட, சிரிக்கிறான்யா!" என்றார் ஏழுமலை. "வரவேற்பறைல வாணாம்மா. கேட்டாண்ட வெயில் படுற செவுத்துல வெச்சுக்கலாம்."

செல்வி கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். "கம்பெனில எதையும் லைட்டு மேசைல வச்சுத்தான் சார் பாப்போம். வெளிய கொண்டாந்து பாக்கணும்னு தோணவே இல்ல."

லக்சரில் அந்த வெயிலை நாள் முழுக்கத் திட்டித் தீர்த்தவன் நான். அது இல்லாவிட்டால் அந்த வெளிச்சுவர்களில் ஒரு ராஜாவையும் பார்த்திருக்க மாட்டேன்.

11.00. ஆட்டோ ஏறித் திரும்பிப் பார்த்தேன். செல்வியும் இன்னொருவரும் மேசையைக் கொட்டகைக்கு வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். ட்யூப்லைட்டின் வயர் பிடுங்கப்பட்டுக் கிடந்தது.