வளைந்து தெரிந்த ரோப்

லோடு தூக்கும் இரும்பு ரோப் வளைந்திருக்கிறது என்று சொல்லி அன்று கிரேனைப் பாதியில் நிறுத்திவிட்டேன். கீழே லோடு ஏற்ற வந்த டிரெய்லர்கள் வரிசையாக நின்றன.

கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலை. கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற ஈ.ஓ.டி. கிரேனில் பாதி ஆயுசைக் கழித்தவன் நான். அந்த கேபினை விட்டால் வேறு வேலை தெரியாது. வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்து, டாக்டர் சரி என்ற பிறகுதான் மறுபடி ஏறினேன். முதலில் பார்வை பளிச்சென்று இருந்தது. கீழே சிக்னல் காட்டுகிறவரின் மீசை நரைத்ததுகூடத் தெரிந்தது. அதை அவரிடமே சொல்லித் திட்டு வாங்கினேன். ஒரு மாதத்துக்கு மேல் போனபின்தான் ரோப் நடுவில் நெளிய ஆரம்பித்தது.

மெயின்டனன்ஸ் ஃபிட்டர் தாஸ், மீஞ்சூர்க்காரன், மேலே ஏறி ரோப்பை முழுக்கப் பார்த்தான்.

"நல்லாத்தான் கீதுண்ணே. ஒரு இழைகூட பிரியல."

"நான் இன்னா பொய்யா சொல்றேன்? கண்ணெதிர்ல நெளிஞ்சிக்கினு கீது. மாத்து."

ரோப்பில் சந்தேகம் என்று ஆபரேட்டர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. எங்கள் ஷாப்பில் அதுதான் வழக்கம். புது ரோப் வரப் பல வாரம் ஆனது. அதுவரை கிரேன் நின்றது. சூப்பர்வைசர் தாஸைக் காய்ச்சினார். "இவன் ஒழுங்கா பாக்கறதேயில்ல சார்" என்று நானும் எடுத்துக் கொடுத்தேன்.

புது ரோப் மாட்டினார்கள். அதுவும் வளைந்தது.

தாஸ் கோபப்படவில்லை. கேபினுக்குள் வந்து என் பக்கத்தில் நின்றான்.

"ரெண்டு மோட்டார்ல எதுல கோளாறுன்னு தெரியலன்னா ஒண்ண ஆஃப் பண்ணித்தானண்ணே பாப்போம்? ஆபரேசன் பண்ண கண்ண மூடிக்கினு பாரு."

மூடினேன். ரோப் நேராகத் தொங்கியது. அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடினேன். ரோப் நெளிந்தது, நடுவில் ஒரு கலங்கல் வேறு. கிரேனை நிறுத்திவிட்டு நேரே கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "கண்ணுக்குள்ள ரத்தக் குழாய்லேர்ந்து நீர் கசியாம ஒரு தடுப்பு இருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்கு அது கெட்டுப்போகும். உங்களுக்கு சுகரும் இருக்கு. நீர் கசிஞ்சு, பார்வைக்கு நடுவான இடம், மேக்குலா, வீங்கியிருக்கு. நெளியறப்பவே வந்திருக்கலாமே?"

"ரோப்புன்னு நெனச்சேம்மா" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

சொட்டு மருந்து, ஊசி எல்லாம் ஆயிற்று. வீக்கம் வடிந்தது. ஆனால் நெளிவு முழுதாகப் போகவில்லை. கிரேன் ஏற ஃபிட்னஸ் தரவில்லை. ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். தாஸிடம் மன்னிப்புக் கேட்க நினைத்த போதெல்லாம் டீதான் வாங்கிக் கொடுத்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கண் ஆபரேஷன் செய்துகொண்ட ஆபரேட்டர்கள், பார்வை தெளிந்த பிறகும், தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடி ரோப்பைப் பாருங்கள். நெளிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் கழற்றச் சொன்ன ரோப்பைத் தாஸ் நன்றாகச் சோதித்து அடுத்த கிரேனில் மாட்டினான். நான் ரிடையர் ஆன அன்றும் அது லோடு தூக்கிக்கொண்டிருந்தது.