எட்டு சதவீதத்துக்குக் கழித்த லட்சம்

என் அக்கா மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆம்பூருக்கு ஷூ தைக்கப் போகிறவள். நான் அதே கம்பெனியில் கணக்குப் பிரிவு. அந்த பஸ்ஸில் வரும் பெண்கள் லட்ச ரூபாய் ஏலச் சீட்டு நடத்தினார்கள். லட்சத்தில் யார் அதிகம் தள்ளுகிறார்களோ, அதாவது விட்டுக்கொடுக்கிறார்களோ, மீதிப் பணம் அந்த மாதம் அவர்களுக்கு. வீட்டில் நெருக்கடி அதிகம் உள்ளவள்தான் எப்போதும் ஜெயிப்பாள். அதை ஜெயிப்பது என்று சொல்லவே நாக்கூசுகிறது.

அக்கா மகளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் எழுபதாயிரம் கட்ட வேண்டும்.

“முப்பதாயிரம் தள்ளி எடுத்துடலாம்னு இருக்கேன். நீ இன்னா சொல்ற?” என்று அக்கா கேட்டாள்.

அப்போது நான் தபாலில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். நாளை வரும் பணத்துக்கு இன்று என்ன மதிப்பு என்ற பாடம் புதிதாகப் புரிந்திருந்த திமிர் வேறு. காகிதம் எடுத்தேன். பொறுத்திருந்து கடைசியில் எடுத்தால் இருபது மாதத்தில் முழு லட்சம். எட்டு சதவீத வட்டிக்குக் கழித்தால் அதன் இன்றைய மதிப்பு எண்பத்தெட்டாயிரம். அதைப் போய் எழுபதுக்கு விடுவார்களா?

“பதினெட்டாயிரம் சும்மா போவுதுக்கா. ரெண்டு வருஷம் கழிச்சி சேரட்டும். காலேஜ் எங்கியும் போய்டாது.”

“படிச்சவன், நீ சொன்னா சரி” என்றாள்.

அதுவரை சும்மா இருப்பானேன் என்று அந்தப் பெண்ணும் அம்மாவோடு பஸ் ஏறினாள். அவள் சம்பளம் வீட்டு வாடகைக்கும் அப்பாவின் ஆட்டோ தவணைக்கும் பழகிப்போனது. லட்சம் கைக்கு வந்தபோது காலேஜ் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. அவள் கல்யாணத்துக்கு நகை எடுத்தார்கள். இன்றும் அவள் தையல் லைனில்தான் இருக்கிறாள். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் ஒரு பெண்ணின் படிப்பையே கெடுத்தேன்.

“நீ சொன்ன மாதிரியே முழுசா வந்துச்சிடா” என்று அக்கா சொன்னாள். குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே சொன்னாள்.

இப்போது எனக்கு அந்தப் பாடம் ஒழுங்காகப் புரிகிறது. எந்த வட்டிக்குக் கழிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கெடு உள்ளவளின் வட்டி வேறு, கெடு இல்லாதவனின் வட்டி வேறு. நான் போட்ட எட்டு சதவீதம் என் பெயரில் வங்கியில் கிடந்த டெபாசிட்டின் வட்டி. அதில் எழுபதாயிரத்துக்கு மேலேயே இருந்தது. அக்காவுக்கும் அது தெரியும். அவள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.