சேலை கிடந்த இடம்

“நர்சுக்குப் படிச்சுட்டா, உங்கம்மா தொலைச்ச மானம் திரும்பி வந்துருமா புள்ள?” என்று கேட்டாள் பெரியம்மா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

மஞ்சூருக்கு மேலே எஸ்டேட் காட்டில் விறகெடுக்கப் போன அம்மா, மழையில் நனைந்து, மூடுபனியில் வழி தவறிவிட்டாள். மறுநாள் காலை உறைபனியில் பிணமாகக் கிடந்தாள். சேலையும் ரவிக்கையும் தள்ளிக் கிடந்தன. “எவனப் பாக்கப் போனாளோ” என்று எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயமே பேசியது. அப்பா கொள்ளி வைக்க மறுத்துவிட்டார்.

உடலியல் வகுப்பில்தான் எனக்கு விடை கிடைத்தது. கடுங்குளிரில், மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி உள்சூட்டைக் காக்கும். அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தால் குழாய்கள் திறந்து, சூடான ரத்தம் தோலுக்குப் பாயும். விறைத்துச் சாகப்போகிறவருக்கு உடம்பு தீயாய் எரிவதுபோல் இருக்கும். சிலர் துணியைத் தாங்களே கழற்றி எறிந்துவிடுவார்கள்.

அன்றே பஸ் ஏறிப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“மூளையே சேலையக் கழட்டச் சொல்லுச்சாக்கும்! நல்லாத்தான் படிச்சிருக்க.”

உடம்பு எரிகிறது என்று அம்மா தவித்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. அவளை எரித்தபோது அவர் இல்லை. என் பெயருக்கு முன்னால் மட்டும் அவர் எதற்கு? இனிஷியலை அம்மா பெயரின் முதலெழுத்துக்கு மாற்றச் சொல்லி மனு கொடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.