தங்கையின் மருத்துவ அறிக்கை

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்கை எழுதிக்கொண்டிருந்த என் தங்கை, கையிலிருந்த சுண்ணக்கட்டியோடு தரையில் சரிந்தாள். முதல்நாள் இரவிலிருந்து ஒருசந்தி நோன்பு இருந்தவள் காலையில் வெறுங்காப்பி மட்டுமே குடித்துவிட்டுப் போயிருந்தாள். சரிந்தபோது அவள் கை சற்றே வெட்டி இழுத்ததாகப் பள்ளி ஆயா கூறினார். அதனால் மருத்துவர் மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து பார்க்கச் சொன்னார். நகரிலிருந்த ஆய்வு நிலையம் ஒன்று அன்று மாலையே அறிக்கை தந்தது. வலிப்பு நோயாக இருக்கக்கூடும் என்றும், வல்லுநரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுமாறும் அதில் எழுதியிருந்தது.

நானும் அவளும் திண்டுக்கல்லில் ஒரே வீட்டில் வாழ்கிறோம். இருவருமே மணம் செய்துகொள்ளவில்லை. நான் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். அவள் தனியார் பள்ளி ஆசிரியை. அவளுடைய பேச்சும் சிரிப்பும் கவலையும் அந்த மூன்றாம் வகுப்பைச் சுற்றியே இருந்தன. எங்களுக்கு மூத்தவர் அண்ணன். செம்பட்டியில் உரக்கடை நடத்துகிறார். தந்தை இல்லாத வீட்டில் அவரே எங்களுக்குத் தந்தையாக இருந்தவர்.

எங்கள் மாதா கோயில் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. நோயுற்றவரின் மருத்துவத் தாளையே பீடத்தடியில் இருக்கும் கூடையில் வைத்துச் செபிப்பார்கள். பெருந்தொற்றின்போது கோயில் அடைபட்டதும் அந்தக் கூடை கைபேசிக்கு இடம் மாறியது. தாளைப் படமெடுத்து, பங்கின் அண்டை வீடுகள் சேர்ந்த அன்பியத்தின் கைபேசிக் குழுவில் இடுவார்கள். அண்டை வீட்டார் அவரவர் வீட்டிலிருந்தே செபிப்பார்கள். கோயில் திறந்த பின்னரும் இப்பழக்கம் நின்றுவிடவில்லை. கூடையில் இட்ட தாள்களை கோயில் உபதேசியார் ஒன்பது நாள் நவநாள் செபம் முடிந்ததும் எரித்துவிடுவார். கைபேசியில் இட்டவற்றை எரிப்பார் இல்லை.

அறிக்கை கிடைத்த அன்றே எங்களைப் பார்க்க வந்த அண்ணன் அதைப் படமெடுத்துக் குழுவில் இட்டார். பெயர், வயது, முகவரி, கைபேசி எண், நோயின் பெயர் எல்லாம் தெளிவாகத் தெரியும் படம். தங்கையைக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அழுதுகொண்டே அனுப்பினார் என்று அண்ணி பிறகு சொன்னார்.

மதுரையில் நரம்பியல் வல்லுநர் ஒருவர் அந்தப் பதிவைப் பார்த்தார். வலிப்பு இல்லை என்றார். பசி மயக்கத்தில் உடல் இப்படி வெட்டுவதுண்டு என்றும் விளக்கினார். “அடுத்த நோன்புக்கு டாக்டர்கிட்டயும் பெர்மிஷன் வாங்கிட்டு இருங்க டீச்சர்” என்று சிரித்தார். நாங்களும் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினோம்.

அதற்குள் படம் குழுவைவிட்டு வெளியேறிவிட்டது. செபிப்போரின் எண்ணிக்கை பெருகட்டும் என்று ஒருவர் வேறொரு பங்குக்கு அனுப்ப, அங்கிருந்து எரியோடு என்னும் ஊருக்குப் போய், யாரோ ஒருவர் வழியாகப் பள்ளிப் பெற்றோரின் குழுவை அடைந்தது. தலைமையாசிரியை தங்கையைத் தம் அறைக்கு அழைத்தார்.

“எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல மிஸ். பேரண்ட்ஸ்தான் பயப்படுறாங்க. புள்ளைங்க முன்னாடி மறுபடி விழுந்துட்டா என்ன பண்றதுன்னு கேக்கறாங்க. கொஞ்ச நாளைக்கு ஆபீஸ் வேலையப் பாருங்க.”

“அது வெறும் மயக்கம் மிஸ். பெரிய டாக்டரே சொல்லிட்டாரு.”

“எழுதி வாங்கிட்டு வாங்க.”

வல்லுநர் வெளிநாடு சென்றிருந்தார். திரும்பச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள். அதுவரை அவள் சேர்க்கைப் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். தன் வகுப்பின் வாய்ப்பாட்டு ஓசை அடுத்த அறையிலிருந்து கேட்கும் என்றாள்.

அந்நாட்களில் அவள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தாள். தன்னைப் பற்றிய விவரம் யாரிடம் உள்ளது என்று கேட்கவும், பிழையைத் திருத்தச் சொல்லவும், தேவை முடிந்தபின் அழிக்கச் சொல்லவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்று அதில் இருந்தது. என்னிடம் பயின்று பின்னர் வழக்கறிஞரான பெண் ஒருத்தியிடம் இருவரும் போனோம். அவள் படத்தைப் பார்த்தாள். யார் அனுப்பியது என்று கேட்டாள். நாங்கள் சொன்னதும் பேனாவை மூடிவிட்டாள்.

“அம்மா, சட்டம் இருக்கு. முழுசா நடைமுறைக்கு வரக் காலம் குடுத்திருக்காங்க. வந்தாலும் அது ஆஸ்பத்திரி, கம்பெனி, செல்போன் ஆப்பு இவங்களத்தான் கட்டும். ஒருத்தர் சொந்தக் காரியமா, வீட்டுக் காரியமா அனுப்புறது அதுல வராது.”

“என் மூளைக்குள்ள இருக்கறது எங்கண்ணனுக்கு வீட்டுக் காரியமா?” என்றாள் தங்கை.

“தங்கச்சிக்குச் செபம் கேட்டிருக்காரு. நான் அத வேற என்னன்னு எழுதறது? வேற சட்டம் ஏதாச்சும் பாக்கலாம். ஆனா எதிராளி உங்க அண்ணன்தான் டீச்சர். சம்மதமா?”

ஆய்வு நிலையத்துக்கு மட்டும் எழுதுவது என்று முடிவாயிற்று. அவர்கள் உடனே பணிந்தார்கள். தங்கள் கோரிக்கையின்படி விவரங்கள் நீக்கப்பட்டன என்று ஒரே வரியில் மறுமொழி வந்தது. எந்தத் தீங்கும் செய்யாத இடத்தில் அவளுடைய உரிமை முழுமையாக நிறைவேறியது.

பிறகு அவள் அன்பியத்து வீடுகளுக்குத் தானே நடந்தாள். நானும் உடன் போனேன். பெரும்பாலோர் வருந்தினார்கள். சிலர் தேநீர் தந்துவிட்டு அழித்தார்கள். ஒரு மூதாட்டி கைபேசியையே தங்கையின் மடியில் வைத்தார்.

“எனக்கு அழிக்கத் தெரியாது தாயி. நீயே பாத்து எடு. அப்புடியே அந்தக் குட்மார்னிங் ரோசாப் பூவையும் எடுத்துரு. கூடை கூடையாக் கெடக்கு, பேரன் போட்டோவத் தேடவே முடியல.”

வேறொரு வீட்டு வாசலில் ஒரு பெண் உள்ளே அழைக்காமலே பேசினாள். “கும்புடச் சொல்லும்போது நாங்க வேணும். கும்புட்டு முடிச்சதும் அழி, எடுங்கறீங்க. நாங்க என்ன, ஊரெல்லாம் தண்டோராவா போட்டோம்?”

“நீங்க போடலக்கா. படம் போட்டுருச்சு” என்றாள் தங்கை.

அந்தப் பெண் முகம் சுண்டிப் படத்தை அழித்தாள். அழிக்கும் முன் வேறு எவருக்கெல்லாம் அனுப்பியிருந்தாள் என்பதைக் கேட்க எங்களுக்குத் துணிவில்லை.

உயிர்ப்புப் பெருவிழாவான பாஸ்கா முடிந்த வாரத்தில் வல்லுநர் ஊர் திரும்பினார். முன் எடுத்த பதிவின் அச்சுப்படி அவருடைய கோப்பில் இருந்தது. அவளுக்கு வலிப்பு நோய் இல்லை என்றும், முன்பும் இருந்ததில்லை என்றும் ஐயத்துக்கு இடமின்றி எழுதிக் கொடுத்தார். தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு, சூன் மாதம் பள்ளி திறந்ததும் மூன்றாம் வகுப்பை அவளே எடுக்கலாம் என்றார். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் பசித்துச் சாப்பிட்டாள். அண்ணனை அழைத்துச் செய்தி சொன்னாள். கடிதத்தைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்று அவர் கேட்டதால், படமெடுத்து அவருக்கு மட்டும் அனுப்பினாள். யாருக்கும் அனுப்பவேண்டாம் என்று மும்முறை சொன்னதை நான் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு மாலை, திருப்பலிக்குப் பின் அண்ணனின் செய்தி குழுவில் வந்தது. வலிப்பு நோயிலிருந்து தங்கைக்கு முழுச் சுகம் அளித்த மாதாவுக்குக் கோடி நன்றி என்று எழுதியிருந்தார். செபித்தவர்கள் எல்லாரும் அறிய நன்றி சொல்வதாக அவர் மாதாவிடம் நேர்ந்திருக்கிறார். செய்தியின் கீழே பழைய அறிக்கையும் புதிய கடிதமும் அருகருகே இருந்தன.

இரவுக்குள் அதுவும் முன்போலவே பள்ளிப் பெற்றோரின் குழுவை எட்டியது; திங்கள் காலை தலைமையாசிரியை அழைத்தார். அவர் குரல் கடுமையாக இல்லை, களைத்திருந்தது.

“டாக்டர் எப்பவுமே இல்லேங்கறார். உங்க அண்ணன் இருந்து குணமாச்சுங்கறார். நீங்க வெறும் மயக்கம்னீங்க. மறைச்சுட்டாங்கன்னு நிர்வாகத்துல சொல்றாங்க மிஸ். சாயங்காலம் மீட்டிங். அதுக்குள்ள அந்த மெசேஜ எடுத்துட்டு, தப்பா எழுதிட்டேன்னு அவர் ஒரு வரி போட்டா நான் பேசிப் பாக்கறேன்.”

நண்பகலில் செம்பட்டிக்குப் போனோம். கடையில் ஆளில்லா வேளை. அண்ணன் மூட்டைகளுக்கு நடுவே அமர்ந்து தயிர்ச்சோறு உண்டுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து கையைக் கழுவி வந்தார். தங்கை நடந்ததைச் சொன்னாள்.

“அண்ணே, அத எடுத்துருங்க.”

“எத? நன்றியவா?”

“ஆமாண்ணே. தப்பா எழுதிட்டேன்னு ஒரு வரி போடுங்க. என் வேலைண்ணே.”

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “குடுத்ததுக்கு நன்றி சொல்லிட்டு, இல்லேன்னு எப்புடித் தாயி எழுதறது? அது குடுத்ததத் திருப்பிக் குடுக்கற மாதிரில்ல. மறுபடி வந்துருச்சுன்னா?”

“அது மொதல்லயே வரலண்ணே.”

“வராமயா அம்புட்டுப் பேரும் முழங்காலு தேய நின்னாங்க?”

நான் சினந்து ஏதோ சொன்னேன்; சட்டம், உரிமை என்ற சொற்களும் அதில் இருந்தன. அவர் என்னை மறுக்கவில்லை. கைபேசியைத் திறந்து தங்கையிடம் நீட்டினார். “ஒனக்குள்ளத எடுக்க ஒனக்கு உரிமை இருக்கு, நீயே எடு. எங்கையால மாட்டேன்.” சொல்லிவிட்டுச் சுவரிலிருந்த மாதா படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் உதடுகள் அசைந்தன. தோளில் கிடந்த துண்டும் நடுங்கியது.

தங்கை கைபேசியைக் கையில் ஏந்தியபடி நின்றாள். விரல் அந்தச் செய்தியின் மேல் இருந்தது. பிறகு கைபேசியைக் கல்லாவின் மேல் ஓசையின்றி வைத்தாள். “சாப்பாட்டப் பாதியில விட்டுட்டீங்க, சாப்பிடுங்கண்ணே” என்றாள்.

திரும்பும் பேருந்தில் தலைமையாசிரியையை அழைத்து, மாலைக்குள் முடியாது என்றாள். அவர் காரணம் கேட்டிருக்கவேண்டும்.

“எங்கண்ணன் ரொம்பப் பயப்படுறாங்க மிஸ்.”

சூன் மாதம் மூன்றாம் வகுப்புக்கு வேறோர் ஆசிரியை வந்தார்.