ஊசியைக் கழற்றாதீங்க டாக்டர்!

சொன்னால் நம்பமாட்டீர்கள். போன வாரம் ஒருவர் ‘கையில இருக்கிற ஊசியக் கழத்திராதீய’ என்று டாக்டரிடம் கெஞ்சியதை என் கண்ணால் பார்த்தேன்.

அவர் பேச்சிமுத்து. சேரப்பணஞ்சேரியில் எங்கள் மாடி அறையில் குடியிருக்கிறார். தென்காசிப் பக்கம். ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் வேலை. ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டும். சேஃப்டி ஷூ கடித்த புண்ணில் கிருமி புகுந்து, கால் சிவந்து வீங்கி, காய்ச்சலில் உளறவே ஆரம்பித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நரம்பில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள்.

நான் சாப்பாடு கொண்டுபோன அன்று டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். “காய்ச்சல் விட்டுடுச்சு, சிவப்பும் குறையுது, நல்லா சாப்பிடறீங்க. ஊசியை எடுத்துட்டு மாத்திரைக்கு மாத்திடலாம். காலைத் தூக்கி வச்சு வீட்ல ரெஸ்ட் எடுங்க.”

அப்போதுதான் அந்தக் கெஞ்சல்.

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்கப் போனால் முதல் கேள்வியே, “பாட்டில் ஏத்துனாங்களா?” ஏற்றினால் பெரிய நோய். மாத்திரை என்றால்... “அட, வெறும் உடம்புச் சூடுப்பா!”

டாக்டர் சிரித்தார். “நாங்களும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சோம். இப்ப வர்ற ஆராய்ச்சிகளைப் பார்த்தா, இந்த மாதிரி நோய்ல உடம்பு தேற ஆரம்பிச்சதும் மாத்திரையே போதும். சில நோய்க்கு ஊசிதான் வேணும், இதுக்கு வேண்டாம். தேவையில்லாம ஊசி கையில கிடந்தா, அந்த வழியாவே கிருமி உள்ள போகும்.”

பேச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். “மாத்திரைய நம்பாம இல்ல டாக்டர். சூப்பர்வைசர் தெனமும் வீடியோ கால்ல கையத்தான் பாக்காரு. ஊசி இருந்தா லீவு. இல்லன்னா நாளைக்கே லைன்ல நிக்கணும். வரலன்னா வேற ஆளப் போட்டுருவாவ யக்கா...”

கடைசி வார்த்தை என்னிடம். வேலையா, காலா? இதைத்தான் அவர் இத்தனை நேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாரா?

நர்ஸ் ஊசியை எடுத்துப் பஞ்சு வைக்கவும், போன் அடிக்கவும் சரியாக இருந்தது. திரையில் சூப்பர்வைசர்.

“இன்னாபா, கைல ஒண்ணுத்தியும் காணோம்? நல்லாயிட்டியா? நாளிக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வந்துடு.”

டாக்டர் போனை வாங்கினார். “மருந்துதான் சார் மாறியிருக்கு. நோய் இன்னும் முழுசா போகல. நிக்க வச்சீங்கன்னா மறுபடி வீங்கும்.”

“மாத்திரதானே மேடம்? போட்டுக்கினே வேலை செய்யலாமே. மேல கேட்டா நான் இன்னாத்த காட்றது?”

டாக்டர் போர்வையை விலக்கி, போனைக் காலுக்கு நேராகத் திருப்பினார்.

அந்தப் பக்கம் இருந்து குரல் இறங்கி வந்தது. “இன்னா நைனா, இப்டி கீது... இத்த ஏன் இத்தினி நாளா காட்டல?”

“நீங்க கையத்தான கேட்டிய சார்!”

வார்டே சிரித்தது. சூப்பர்வைசரும் சிரித்துவிட்டார். “செரி செரி, வூட்லயே இரு. டாக்டர் சொன்னப்பறம் வா. உன் எடம் எங்கயும் போவாது.”

மருந்தை எப்படிக் கொடுப்பது என்று ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள், நல்லது. லீவை எப்படிக் கொடுப்பது என்றும் யாராவது ஆராய்ந்தால் தேவலை!