எழுத்துக்கு அடியில் விளக்கு

பத்து நாளைக்கு முன்னால் எங்கள் கடைக்கு ஒரு காலமானவர் வந்தார்.

வடமதுரைக்காரர். பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் பேரனுடைய கல்யாணப் பத்திரிகை. அதில் தன் பெயர் மேல் விரலை வைத்தார். பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று அச்சாகி இருந்தது.

"நான் எப்பப்பா போனேன்? எனக்கு ஒருத்தரும் சொல்லலையே."

உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

நாகல் நகரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை எங்களுடையது. நான் பேப்பர் வெட்டுகிறவன். எழுதுவது இந்த இதழில் வரும் இந்தப் பத்தி ஒன்றுதான். டைப் அடிப்பது மேரி அக்கா. ரொம்ப வருஷமாக அவர்தான்.

இறந்தது பெரியவரின் அண்ணன். மேல் வரியில் இருக்க வேண்டிய 'தெய்வத்திரு' கீழ் வரிக்கு இறங்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் புரூஃப் அனுப்பித்தான் இருந்தோம். மாப்பிள்ளை கட்டைவிரல் படம் போட்டார். இப்போது யார் படிக்கிறார்கள்?

அம்புட்டையும் மறுபடி அடித்துக் கொடுத்தோம். ஆனால் சமீபத்தில் இது மூன்றாவது தப்பு.

முதலாளி பாய் சத்தம் போடுகிறவர் இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உள்ரூம் இருட்டு, பழைய கீபோர்டில் எழுத்தே தெரியவில்லை, அதுதான் காரணம் என்றார். விளக்கு எரிகிற கீபோர்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார். விலை குறைவுதான். ஒரு வாரம் பார்த்துச் சொல்லு, நல்லா இருந்தால் மற்ற கம்ப்யூட்டருக்கும் வாங்குவோம் என்றார். அப்புறமும் தப்பு வந்தால் தமிழ் டைப்பிங்கை வெளியே கொடுத்துவிடலாம் என்றார்.

வெளியே கொடுத்தால் அக்காவுக்கு வேலை இல்லை. அதை அவர் சொல்லவில்லை.

பழைய கீபோர்டைக் கழற்றினேன். வாங்கும்போது வெள்ளை, இப்போது டீ நிறத்துக்குப் போயிருந்தது. த, ர, ம... மூன்றும் சுத்தமாக அழிந்து வழவழ என்று இருந்தன. ஏன்? திரு, திருமதி, திருமணம். எத்தனை வீட்டுக் கல்யாணம் அந்த மூன்று கீயில் நடந்திருக்கும்! ஃ மட்டும் பாதி நின்றது. ஊரில் ஃபாத்திமாக்கள் இல்லையென்றால் அது புதுசாகவே இருந்திருக்கும்.

தூக்கிப் போட மனசு வரவில்லை. அலமாரி மேல் வைத்தேன்.

புதுசைச் சொல்கிறேன். நீலம், சிவப்பு, பச்சை என்று மாறி மாறி எரிகிறது. திருவிழா சீரியல் செட் மாதிரி. ஒரே நிறத்தில் நிறுத்தவும் வழி உண்டு. கீ மெத்தென்று அமுங்குகிறது. சத்தம் குறைவு. ஒரு குறை — எரிவது இங்கிலீஷ் எழுத்து. தமிழ் ஸ்டிக்கர் ஒட்டினேன். வெளிச்சம் அடைத்துக்கொண்டது. ஸ்டிக்கரைப் பாதியாக வெட்டி ஓரத்தில் ஒட்டினேன். வெட்டுவது என் தொழில்தானே.

மேரி அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். எதுக்கு இம்புட்டு மெனக்கெடுற என்றார். உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழுப் பத்திரிகை அடித்தார். ஒரு தப்பு இல்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கையைத் துணியால் மூடிப் பழகியவர். அவருக்கு எழுத்து அழிந்தால் என்ன, எரிந்தால் என்ன?

அப்படியென்றால் தப்பு எங்கிருந்து வருகிறது?

கஸ்டமர் எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்றை நீட்டினேன். தள்ளிப் பிடித்தார். கிட்டே கொண்டுவந்தார். மறுபடி தள்ளினார். கீழே வைத்துவிட்டார்.

"கண்ணுல புரை, தம்பி. மக பிரசவம் முடியட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன். பாய்கிட்ட சொல்லிராத."



நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் புரூஃப் என்றால் ரெண்டு பேர். அக்கா சத்தமாக வாசிப்பார். நான் சீட்டில் விரல் வைத்துக்கொண்டே போவேன். கமா, புள்ளி, அடுத்த வரி — எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லணும். நாள் முழுக்க அந்த ரூமில் யாருக்காவது கல்யாணம் நடந்துகொண்டே இருக்கும். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் அதே குரல். "சோறு, கமா, ரசம், கமா, வெஞ்சனம் இல்லை, முற்றுப்புள்ளி."

வாட்ஸ்அப் வந்தது. வாசிப்பு நின்றது. அந்த ரூம் ஊமையானதை, அக்கா சீட்டைக் கீழே வைத்த அன்றுதான் நான் கவனித்தேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். சீட்டை எடுத்தேன். அடிங்கக்கா என்றேன்.

எனக்கு வாசிப்பு வேகம் கிடையாது. ஆறாவதோடு நின்றவன். அக்கா பொறுத்துக்கொண்டார்.

"தெய்வத்திரு யாருக்கு? நல்லாப் பாத்துச் சொல்லு."

"மேல் வரிக்கு. கீழ இருக்கவரு உயிரோட இருக்காரு. கமா."

அக்கா சிரித்தார். கை நிற்கவில்லை.

மூன்றாம் நாள் பாய் எட்டிப் பார்த்தார். உள்ளே என்ன பள்ளிக்கூடமா நடக்குது என்றார். புரூஃப் பாக்குறோம் பாய் என்றேன். அவர் போகவில்லை. கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டே நின்றார்.

"அத்தா இருக்கும்போது இந்தச் சத்தம் கேக்கும்" என்று தன் அப்பாவை நினைத்துச் சொன்னார். அப்புறம், "நீங்களே அடிங்கக்கா. வெளிய எதுக்கு?"

வாரம் முடிந்தது. தப்பு இல்லை. கீபோர்டு பற்றிக் கேட்டார். இங்கிலீஷ் பில் அடிக்க நல்லது, வாங்கலாம் என்றேன். அது நிஜம்தான்.

அக்காவின் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். ஆபரேஷன் முடியும்வரை நான்தான் வாசிக்கணும். பேப்பர் வெட்டுவது சாயங்காலத்துக்குப் போய்விட்டது. பரவாயில்லை.

இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"எழுது. பாய் பத்திரிகை அடிக்கிறவரு. படிக்கிறவரு இல்ல."